பதின்வயதினர் கடத்தலை விசாரிக்கும் நாவல்: போலீஸ் விசாரணையை நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வி: தமிழ்நாட்டுச் சிறுநகரம் ஒன்றில் 15 முதல் 17 வயதுப் பிள்ளைகள் அடுத்தடுத்துக் கடத்தப்படுகிறார்கள். ஒரு இன்ஸ்பெக்டர் துப்பறிகிறார். நாவலில் விசாரணை நிஜம்போல் இருக்க எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

பதினாறு வயது மகளைக் காணோம் என்று அப்பா ஸ்டேஷனுக்கு வந்தால், யாரும் உடனே சுவரில் வரைபடம் மாட்டிச் சிவப்பு ஊசி குத்த மாட்டார்கள். "யார்கூடயாவது போன்ல பேசிட்டு இருந்துச்சா?" என்று ஸ்டேஷன் எழுத்தரான ரைட்டர் கேட்பார். உங்கள் கதைக்கு உயிர்நாடி அந்தக் கேள்விதான். நாலு பிள்ளைகள், நாலு வெவ்வேறு நிலைய எல்லைகள், நாலிலும் "காதல் விவகாரம்" என்று வாய்மொழியிலேயே முடிவு கட்டியாயிற்று. இது தொடர் கடத்தல் என்று யாருக்கும் தோன்றாமல் போக, அதிமேதாவி வில்லன் தேவையே இல்லை.

"24 மணி நேரம் பொறுத்துப் பாருங்க" என்ற வசனத்தை எழுதலாம். ஆனால் அதைச் சொல்பவர் விதியை மீறுகிறார் என்று தெரிந்தே எழுதுங்கள். காணாமல்போன குழந்தை பற்றிய புகாரைக் கடத்தலாகவே எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று குழந்தை உரிமை அமைப்பான பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே சொல்லிவிட்டது. கதையில் எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் வந்ததற்கான வெறும் ஒப்புகையை) கொடுத்து அப்பாவைத் திருப்பி அனுப்பினால், அந்த ரசீதின் தேதி பின்னால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு வரும்போது ஸ்டேஷனின் கழுத்தை நெரிக்கும். நான்கு மாதத்தில் பிள்ளை கிடைக்காவிட்டால் வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பது சிறார் நீதி மாதிரி விதி. இன்ஸ்பெக்டர் கையிலிருந்து கேஸ் கட்டு போகப்போகும் நாள் என்று ஒன்று இருப்பதால், கதைக்குக் கெடு தானாகவே கிடைத்துவிடுகிறது.

கதை நடக்கும் ஆண்டை முதலில் முடிவு செய்யுங்கள். 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய சம்பவம் என்றால் கடத்தலுக்குப் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யின் 363 கிடையாது, புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-தான். வெறும் எண் மாற்றம் இல்லை இது. பாதுகாவலரிடமிருந்து கடத்துதல் என்ற குற்றத்துக்குப் பழைய சட்டத்தில் பையனுக்கு வயது வரம்பு 16, பெண்ணுக்கு 18. இப்போது இருவருக்கும் 18. அதாவது 2024 ஜூனில் காணாமல்போன 17 வயதுப் பையன் அந்தப் பிரிவுக்குள் வரமாட்டான், ஜூலையில் போனவன் வருவான். இதை வைத்து ஒரு முழு அத்தியாயமே எழுதலாம். வயதை நிரூபிக்க ஆதாரை நீட்டுவது போல எழுதாதீர்கள். பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை.

பிள்ளை விரும்பியே போனாலும் சட்டத்துக்கு அந்தச் சம்மதம் கணக்கில்லை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் வரதராஜன் எதிர் சென்னை மாநிலம் வழக்கைக் கையில் வைத்திருப்பார். 18-ஐ நெருங்கிவிட்ட ஒரு பெண் தானாகவே வெளியேறி வர, குற்றம் சாட்டப்பட்ட வரதராஜன் அவளைத் தன்கூட இருக்க விட்டார், அவ்வளவுதான். அது கூட்டிக்கொண்டு போனதாகாது என்று உச்ச நீதிமன்றம் விடுவித்த வழக்கு அது.

இனி போன். இங்கேதான் நாவல்கள் மானம் கெடுகின்றன. இன்ஸ்பெக்டர் ஒரு போன் போட்டதும் "லொகேஷன்" வந்து விழாது. சி.டி.ஆர். என்ற அழைப்புப் பதிவுப் பட்டியலைக் கேட்க எஸ்.பி. அல்லது துணை ஆணையர் வழியாகப் போக வேண்டும். வருவது எண்கள், நேரம், எத்தனை நொடி பேசினார்கள், ஐ.எம்.இ.ஐ. (போன் கருவியின் அடையாள எண்), டவர் அடையாளம். பேச்சு இருக்காது, வாட்ஸ்அப் அழைப்பும் இருக்காது. டவர் என்பது துல்லியமான இடத்தைச் சொல்லாது, அதைச் சுற்றி ஒரு திசையில் உள்ள பரப்பைத்தான் சொல்லும். ஊருக்குள் சில நூறு மீட்டர், கிராமப்புறத்தில் சில கிலோமீட்டர்.

நான்கு சம்பவ இடங்களின் டவர் டம்ப்பையும் (அந்த நேரத்தில் அந்த டவர் வழியே பேசிய எல்லா எண்களின் பட்டியலையும்) ஒப்பிட்டுப் பொது எண்ணைத் தேடுவது உங்கள் கதைக்குப் பொருத்தமான வேலை. முதலில் சிக்குபவர்கள் பஸ் கண்டக்டர், பால் வண்டிக்காரர், கூரியர் பையன், பிறகு ரோந்துக்குப் போன போலீஸ்காரரே. சட்டைப் பையில் சும்மா கிடந்த போன் அந்தப் பட்டியலில் வரவே வராது, அந்த நேரத்தில் அழைப்போ எஸ்.எம்.எஸ்.ஸோ நடந்திருக்க வேண்டும். சிம்மை மாற்றினாலும் ஐ.எம்.இ.ஐ. மாட்டிவிடும். இதில் ஒரு அருமையான பொறி இருக்கிறது: போன் அட்டைப் பெட்டியில் அச்சான ஐ.எம்.இ.ஐ.யின் 15-ஆவது இலக்கம் சரிபார்ப்பு எண். போன் அதை நெட்வொர்க்குக்கு அனுப்புவதில்லை, அதனால் சி.டி.ஆரில் அந்த இடத்தில் பெரும்பாலும் 0 நிற்கும். புதிதாக வந்த எஸ்.ஐ. இரண்டையும் ஒப்பிட்டு "இது வேற போன்" என்று ஒதுக்கிவிட்டால், குற்றவாளிக்கு இரண்டு வாரம் லாபம்.

மெடிக்கல் ஷாப் கேமரா பதிவு பெரும்பாலும் 15 முதல் 30 நாளில் தானே அழிந்து, மேலே புதியது பதிவாகிவிடும். எஃப்.ஐ.ஆர். தாமதமானதன் உண்மையான விலை இது. கேமரா பதிவுக் கருவியான டி.வி.ஆரின் கடிகாரம் சரியாக ஓடுவது அபூர்வம். திரையில் 18.42, கைக்கடிகாரத்தில் 18.30 என்றால், அந்த 12 நிமிட வித்தியாசத்தை மகஜரில் (கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பில்) எழுதாமல் விட்டவர் கோர்ட்டில் திணறுவார். பதிவை எடுக்கும்போதே ஹாஷ் மதிப்புடன் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்ணுடன்), மின்னணு ஆதாரத்துக்கான புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வாங்க வேண்டும்.

தனியார் துப்பறிவாளரை நாயகனாக்க நினைத்தால் சி.டி.ஆரும் டவர் டம்ப்பும் அவருக்குச் சட்டப்படி கிடைக்காது. பேசாமல் இன்ஸ்பெக்டரையே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை மீட்கப்பட்ட பிறகு பாலியல் குற்றம் தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம் சேரும், பிரிவு மாற்ற அறிக்கை கோர்ட்டுக்குப் போகும், கேஸ் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குக் கைமாறலாம். வாக்குமூலம் வாங்குபவர் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. மாஜிஸ்ட்ரேட்டிடம் பிள்ளை பேசும்போது விசாரணை அதிகாரி அறைக்குள் இருக்க முடியாது, பிற்பாடு நகல்தான் கிடைக்கும். முழு நாவலையும் இன்ஸ்பெக்டரின் பார்வையிலேயே எழுதுவதாக இருந்தால் அந்தக் காட்சி உங்கள் கைக்கு வராது. பிள்ளைக்குத் தனி அத்தியாயம் கொடுப்பதா, நகலின் வறண்ட மொழியிலேயே விடுவதா என்பதை முதல் அத்தியாயம் எழுதும் முன்பே தீர்மானித்துவிடுங்கள்.