ஊசியைக் கண்டால் ஒளியும் மகள்

ஒன்பது வயது மகள் இன்சுலின் ஊசியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிகிறாள், "சாக்லேட் தின்னதாலதானே வந்துச்சு" என்று அழுகிறாள் என எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தப் பழியை இறக்கி வையுங்கள். அவளுக்கு வந்திருக்கும் டைப் 1 சர்க்கரை நோய் இனிப்பு தின்பதால் வருவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருகிறது. இதை டாக்டரே அவளிடம் நேராகச் சொன்னால் எடுபடும். சொந்தக்காரர்களிடமும் கறாராகச் சொல்லிவிடுங்கள் (பாதிப் பழி அங்கிருந்துதான் வந்திருக்கும்).

"போடலாமா?" என்று கேட்காதீர்கள். வயிறா, தொடையா என்று கேளுங்கள். இடத்தை அவள் சொல்லட்டும். ரத்தச் சர்க்கரை அளவு கூடியிருந்தால் முகம் சுளிக்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடம் தொடர்ந்தால் குழந்தைகள் மனநல நிபுணரிடம் காட்டுங்கள். உங்களுக்கே தாங்க முடியவில்லையா? அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். எதுவானாலும் ஒரு வேளை ஊசிகூடத் தவறக் கூடாது, சரியா?