மந்திர வாளா, கைப்பழக்கமா? லார்ப் கேள்வி பதில்

15 ஆண்டுகளாக இங்கிலாந்தில் லார்ப் ஆடுகிறேன். அதில் 8 ஆண்டுகள் நடுவராக இருந்து, மந்திரப் பொருள்களுக்கு விதி எழுதியிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு: லார்ப் என்பது வேடமிட்டு, ஃபோமும் லேடெக்ஸும் கொண்டு செய்த வாளோடு, திடலில் நிஜமாக ஓடி ஆடும் மாயக்கதை விளையாட்டு. ஆடுபவரின் சொந்தத் திறமையையும் பொருள் தரும் பலத்தையும் எப்படிச் சமன் செய்வது என்று கேளுங்கள், எனக்குத் தெரிந்தது அதுதான்.

கே (கோவை): அக்கா, வீடியோ கேமில் வாளுக்கு +2 போடுவார்களே, அதையே இங்கும் போட்டால் என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

ஒவ்வோர் அடியும் எதிராளியின் உயிர்ப் புள்ளியில் ஒன்றைப் பறிக்கும். ஒரு சண்டையில் கைதேர்ந்தவர் 6 அடி வைப்பார், புதியவர் 2 அடி வைப்பார் என்று கொள்ளுங்கள். அடிக்கு ஒரு புள்ளி கூட்டும் வாளைக் கொடுத்தால் முதலாமவருக்கு 6 கூடுகிறது, இரண்டாமவருக்கு 2தான். முன்பு இருவருக்கும் இடைவெளி 4, இப்போது 8. உதவிக்குக் கொடுத்த பொருள் பள்ளத்தை ஆழமாக்கிவிட்டது. நாளுக்கு ஒருமுறை மட்டும் வேலை செய்யும் பொருள் என்றால் இருவருக்கும் கிடைப்பது அதே ஒன்று.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு காட்டில் 30 பேர் ஆடிய விளையாட்டு. அடிக்கு இரண்டு புள்ளி பறிக்கும் வாளை எழுதி, புதியவர் கையில் சிக்கட்டும் என்று ஒரு பெட்டியில் வைத்தேன். அவருக்கே கிடைத்தது. சனிக்கிழமை இருட்டுவதற்குள் அது எங்கள் மிகச் சிறந்த வாள்வீரரின் இடுப்பில் தொங்கியது. யாரும் பிடுங்கவில்லை. "உங்க கையில இருந்தாத்தான் இதுக்கு மதிப்பு" என்று அந்தப் பையனே நீட்டிவிட்டான். பெருக்கும் பொருள் எப்போதும் பலசாலியிடம் போய்ச் சேரும்.

இங்கிலாந்தில் 2013 முதல் நடக்கும் எம்பயர் என்ற லார்ப் விளையாட்டில் எந்த ஆயுதமானாலும் ஓர் அடிக்கு ஒரு புள்ளிதான். மந்திர வாள் புள்ளியைக் கூட்டுவதில்லை, செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கூட்டுகிறது: எதிராளியைக் கீழே தள்ளுவது, கேடயத்தை உடைப்பது, கையையோ காலையோ செயலிழக்கச் செய்வது. அடிக்கும்போது அதற்குரிய சொல்லைக் கூவ வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு பொருளோடுதான் பிணைய முடியும், அதாவது ஒன்றின் பலனைத்தான் பெற முடியும். சாதாரணப் பொருள் ஓர் ஆண்டில் காலாவதியாகிவிடும். நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு இதுதான்.

கே (டொராண்டோ): கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்பு மோதிரம் வைக்கலாமா? முதல் மூன்று அடி படாது.

வைக்காதீர்கள். திடலில் திரை கிடையாது, வீடியோ கேம் போல மிச்ச உயிரைக் காட்டும் பச்சைக் கோடு தலைக்கு மேல் கிடையாது. உங்களை அடித்தவருக்கு, அடி பட்டும் விழாத ஒருவர் மட்டுமே தெரிவார். "ஏமாற்றுகிறார்" என்றுதான் நினைப்பார். அடிபட்டவர் தானே கணக்கு வைத்து விழும் நேர்மைதான் இந்த விளையாட்டின் உயிர், அதில் சந்தேகம் விழுந்தால் அந்த வார இறுதியே போய்விடும். பொருளின் பலன் எதிராளியின் கண்ணில் படவேண்டும், இல்லையென்றால் காதில் விழவேண்டும்.

கே (சிங்கப்பூர்): ஃபோம் வாளை வீட்டிலேயே செய்வது எப்படி?

உங்கள் விளையாட்டின் ஆயுதப் பரிசோதகரிடம் கேளுங்கள். உள்ளிருக்கும் கம்பியின் நுனி வெளியே துருத்தினால் கண் போய்விடும். எழுத்தில் கற்றுத்தர மாட்டேன்.

கே (லண்டன்): 8 வருஷம் சிலம்பம் சுற்றியவன் நான். என் மேல் அடி விழாததற்கு என் உழைப்புதான் காரணம். நேற்று வந்தவர் ஒரு சொல்லைக் கூவி என்னை விழ வைப்பது நியாயமா?

கோபம் புரிகிறது. முதலில் ஒன்று: உங்கள் திறமைக்கு விளையாட்டு ஏற்கெனவே கூலி கொடுக்கிறது. மந்திரமே இல்லாத சண்டையில் பத்துக்கு எட்டு நீங்கள் ஜெயிப்பீர்கள். அதற்கு மேலும் வேண்டும் என்றால் டகோர்ஹிர் போன்ற விளையாட்டு உங்களுக்குப் பொருந்தும். அமெரிக்காவில் 1977-ல் தொடங்கியது. கையில் பட்டால் கை போச்சு, உடலில் பட்டால் ஆள் போச்சு. கேடயத்தை உடைக்க மாயச் சொல் வேண்டாம், பெரிய இரட்டைக்கை ஆயுதத்தால் இரண்டு முறை பலமாக அடித்தால் போதும்.

இன்னொன்று: சுழற்றிச் சுழற்றிப் படபடவென்று தட்டும் அடிகளைப் பல விளையாட்டுகள் கணக்கில் எடுப்பதில்லை. கையை ஓங்கி, வலிக்காமல் நிறுத்தி வைக்கும் அடிதான் அடி. தலைக்கு வீசக் கூடாது. கம்பின் நுனியால் குத்தக் கூடாது. உங்கள் கைப்பழக்கத்தில் பாதியை மாற்ற வேண்டியிருக்கும்.

கே (அதே லண்டன் அன்பர்): அப்படியென்றால் பயிற்சிக்கு என்ன மதிப்பு?

அந்தச் சொல் வேலை செய்ய, அடி உங்கள் மேல் படவேண்டும். தடுத்தால், விலகினால் அவருடைய அன்றைய ஒரே வாய்ப்பு வீண். அவர் மூச்சை இழுத்துத் தோளை உயர்த்தும்போதே பின்வாங்குவதற்குத்தான் உங்கள் 8 வருஷம்.

கே (லெஸ்டர்): முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆனவள் நான். ஓட முடியாது. நாளுக்கு ஒருமுறை ஒருவரை விழவைக்கும் கோல் இருப்பதால்தான் போர்க்களத்துக்கே வருகிறேன். அந்தச் சகோதரர் அதையும் பிடுங்கச் சொல்கிறாரா?

கே (லண்டன்): பிடுங்கச் சொல்லவில்லை அக்கா. ஆனால் எம்பயரில் 'ஸ்ட்ரைக்டவுன்' (கீழே தள்ளும் சொல்) என்று கூவி அடித்தால், அது கேடயத்தில் பட்டாலும் விழவேண்டும். தடுத்தேன், ஆனாலும் விழுந்தேன். இதில் என் பயிற்சி எங்கே?

லண்டன் அன்பர் சொல்வது சரி. தடுத்தால் தப்பலாம் என்று நான் சொன்னது அந்த ஒரு சொல்லுக்குப் பொருந்தாது, அங்கே விலகுவது மட்டுமே வழி. கேடயச் சுவர் கட்டி அசையாமல் நிற்கும் படையை உடைக்க ஏதாவது வேண்டும் என்பதால் நான் அதை ஆதரிக்கிறேன். தனிச் சண்டையில் அது கசக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். லெஸ்டர் தங்கைக்கு: அந்தக் கோல் உங்களிடமே இருக்கட்டும். பொருள் எதற்காக என்று கேட்டால் நான் உங்களைத்தான் காட்டுவேன். வேறொருவர் உடலால் செய்வதை நாளில் ஒருமுறையாவது நீங்களும் செய்ய.

கே (பெர்லின்): இங்கே 'டு கன்ஸ்ட், வாஸ் டு டார்ஷ்டெலன் கன்ஸ்ட்' என்பார்கள். நடித்துக் காட்ட முடிந்ததெல்லாம் உன்னால் முடியும் என்று பொருள். அதில் புள்ளியே கிடையாது. சமநிலைப் பிரச்சினையும் இல்லையே?

பிரச்சினை இடம் மாறியிருக்கிறது. எதிராளி எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதே அங்கே விதி. நீங்கள் கோலை நீட்டி, குரல் நடுங்க மந்திரம் சொன்னால் அவர் தானாகப் பத்தடி பின்னால் பறந்து விழுவார், அது பார்க்கப் பேரழகு. ஆனால் நடிக்கக் கூச்சப்படுபவருக்கு வாள் வீசுவதைவிட இது கஷ்டம். அவர் கோலை நீட்டும்போது வேண்டுமென்றே விழுந்து கொடுங்கள். அனுபவசாலிகளின் கடமை அது.

கே (மதுரை): வாளுக்கு +1 மட்டும் போட்டால்?

கோவைக்குச் சொன்னதுதான்.

கே (சிட்னி): காசுள்ளவன் சங்கிலிக் கவசம் வாங்கிக் கூடுதல் அடி தாங்குகிறானே, அது நியாயமா?

நல்ல கேள்வி. எஃகுச் சங்கிலிச் சட்டை ஏறக்குறைய 10 கிலோ வரும். மதியத்துக்குள் தோள் இறங்கிவிடும், மேடு ஏற மூச்சு வாங்கும். அந்தப் பலனுக்கான விலையை அணிபவர் உடம்பாலேயே கொடுக்கிறார், அதனால் எனக்கு உறுத்தவில்லை. பணம் உறுத்துகிறது. அதற்கு வழி, உலோகத்தை அளக்காமல் தோற்றத்தை ஏற்பது, குழுவில் இரவல் கவசம் வைப்பது. என் குழுவில் இரண்டு இருக்கின்றன.

கே (ஈப்போ): அடி படாமல் காக்கும் ரகசியத் தாயத்து...

வேண்டாம். டொராண்டோவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். கண்ணில் படவேண்டும், இல்லையென்றால் காதில் விழவேண்டும்.

கே (சென்னை): 20 பேர் கொண்ட புது விளையாட்டு தொடங்குகிறோம். எத்தனை பொருள் விடலாம்?

மூன்று. ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா கட்டுங்கள். நாளுக்கு ஒருமுறைதான் என்றும், எப்போது தீரும் என்றும் அட்டையில் எழுதுங்கள். ஞாயிறு மாலை மூன்றும் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். மூன்றும் ஒருவரிடமே இருந்தால் அடுத்த முறைக்கு முன் எனக்கு எழுதுங்கள், அட்டைகளைச் சேர்ந்து திருத்துவோம்.