பெரிய இன்ஜின் வண்டில மைலேஜ் எடுக்கறது எப்படி? உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை வந்த கேள்வில முக்கால்வாசி ஒரே விஷயம்தான், ரெண்டு லிட்டருக்கு மேல இன்ஜின் இருக்கற வண்டி வாங்கிட்டு டீசல் போட்டு மாளலன்னு. இன்ஜின் பெருசுங்கறதால மட்டும் குடிக்கறது இல்லங்க, ஆளோட சேர்த்து ரெண்டு டன்ன தாண்டற வண்டிய ஓட வெச்சு பிரேக் போட்டு திரும்ப கிளப்பறோம் பாருங்க, அங்கதான் போகுது.

இன்னோவா கிரிஸ்டா 2.4 மேனுவல் வெச்சிருக்கேன். மீட்டர்ல லிட்டருக்கு 14 கிமீ காட்டுது, பங்க்ல கணக்கு போட்டா 12தான் வருது. எத நம்பறது? (நாமக்கல்)

பங்க் கணக்கதான். மீட்டர்ல வர்றது கம்ப்யூட்டர் போடற மதிப்பீடு, பெரும்பாலும் கொஞ்சம் கூடவே காட்டும். ஆனா 500 ரூபாய்க்கு, 1000 ரூபாய்க்குன்னு போட்டு பார்த்தாலும் சரியா வராது. டேங்க் ஃபுல் பண்ணுங்க, நாசில் தானா கட் ஆனதும் போதும், ரவுண்டா வரட்டும்னு மேல விட சொல்லாதீங்க. ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணிட்டு 400 கிமீ ஓட்டிட்டு அதே பங்க்ல அதே மாதிரி ஃபுல் பண்ணுங்க. 33 லிட்டர் ஏறுச்சுன்னா உங்க மைலேஜ் 12.1. மூணு தடவை பார்த்து சராசரி எடுங்க.

13 கொடுத்த வண்டி திடீர்னு 10க்கு வந்துடுச்சு. இன்ஜக்டர் (இன்ஜினுக்குள்ள டீசல் தெளிக்கற பாகம்) மாத்தணும்னு சொல்றாங்க, பெரிய தொகை. மாத்தலாமா? (பல்லடம்)

அவசரப்படாதீங்க. கறுப்பு புகை இல்ல, ஸ்டார்ட்டிங் நல்லா இருக்கு, இழுவையும் குறையலன்னா இன்ஜக்டர கடைசியா பார்த்துக்கலாம், முதல்ல வீல் ஃப்ரீயா சுத்துதான்னு பாருங்க. போன மாசம் நம்ம பட்டறைக்கு ஒரு ஏழு சீட்டர் இதே கம்ப்ளைன்ட்டோட வந்துச்சு. பிரேக் ரொம்ப போடாம பத்து கிமீ ஓட்டிட்டு வந்து நிறுத்தி, நாலு வீல் கிட்டயும் உள்ளங்கைய கொண்டு போய் பார்த்தேன், தொடாம, தொட்டா சுட்டுடும். மூணு வீல் வெதுவெதுன்னு இருக்கு, முன்னாடி இடது பக்கம் மட்டும் தோசைக்கல்லு மாதிரி அனல் அடிக்குது. ஜாக்கி போட்டு தூக்கி கையால சுத்தினா அரை சுத்துல நின்னுடுச்சு. கழட்டினா, பிரேக் பேட டிஸ்க் மேல அழுத்தற கேலிப்பரோட பின் துரு பிடிச்சு இறுகி கிடக்கு, ரப்பர் பூட் கிழிஞ்சு உள்ள தண்ணி போயிருக்கு, பேட் டிஸ்க்க விடவே இல்ல. பாவம் அந்த மனுஷன் இத்தனை நாளா பிரேக்க மிதிச்சுகிட்டே ஓட்டின மாதிரிதான். அந்த பின்ன சுத்தம் பண்ணி கிரீஸ் வெச்சு, பூட்டும் பேடும் புதுசா போட்டு அனுப்பினோம், இன்ஜக்டர்ல கையே வைக்கல. அப்படியே டயர்ல காத்தும் செக் பண்ணிடுங்க, வண்டி ஓடாம ஆறி இருக்கும்போது, டிரைவர் கதவு பக்கம் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கோ அந்த அளவுக்கு.

ஃபார்ச்சூனர் 2.8 ஆட்டோமேட்டிக். சிட்டில 9ஐ தாண்ட மாட்டேங்குது. ஈகோ மோட் போட்டா கூடுமா? (கோவை)

ஈகோ மோட்ல ஆக்சிலேட்டர் கொஞ்சம் மந்தமாகும், ஏசி கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். உங்க கால் அவசரப்பட்டா அதனால ஒண்ணும் பண்ண முடியாது. 204 குதிரைசக்தி இருக்கற வண்டிங்க அது, சிட்டில அழுத்தவே தேவையில்ல, பாதிக்கும் கீழ மிதிச்சாலே சட்டுசட்டுன்னு மேல் கியருக்கு போயிடும். அவிநாசி ரோட்டுல 200 மீட்டர் தள்ளி சிக்னல் சிவப்பா இருக்குன்னு தெரிஞ்சும் அழுத்திட்டு போய் பிரேக் போடறவங்கதான் அதிகம். தூரத்துலயே கால எடுத்துடுங்க, கியர்லயே வண்டி உருண்டு போகும்போது இன்ஜக்டர் டீசல கட் பண்ணிடும், சொட்டு கூட போகாது. பச்சை விழுந்துச்சுன்னா நிக்காமலே போயிடலாம், மைலேஜ்ல உண்மையான லாபம் இதுதான். பள்ளிக்கூட வாசல்ல ஏசி போட்டு அரை மணி நேரம் உக்கார்ற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க.

மாசம் ரெண்டு தடவை சென்னை டு மதுரை, 120ல போவேன். மெதுவா போனா பெருசா மிச்சம் ஆகுமா?

ஆகும். காத்து எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 95ல இருக்கறத விட 120ல 60 சதவீதம் அதிகம், மேல கேரியர் மாட்டியிருந்தா இன்னும் மோசம். 300 கிமீ ஃப்ரீயா ஓட்ட முடியுதுன்னு வைங்க, 120ல ரெண்டரை மணி நேரம், 95ல மூணு மணி பத்து நிமிஷம். நாப்பது நிமிஷத்துக்காக இவ்வளவு டீசல் தேவையா? அதுவும் இல்லாம நாலு வழி சாலைக்கு 2018ல மத்திய அரசு வெச்ச உச்ச வேகமே 100தான்.

பிஎஸ்6 டீசல். தினமும் 4 கிமீதான் ஓட்டறேன், மைலேஜ் படு மோசம்.

இன்ஜின் சூடாகறதுக்குள்ள நிறுத்திடறீங்க, அதுதான். டிபிஎஃப்ல, அதாவது புகைல வர்ற கரிய பிடிக்கற ஃபில்டர்ல, சேர்ற கரிய எரிக்க வண்டி கூடுதலா டீசல் தெளிக்கும், பாதில ஆஃப் பண்ணா அந்த டீசல் ஆயில்ல இறங்கும், திரும்ப முதல்ல இருந்து எரிக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஹைவேல 20, 25 நிமிஷம் நிக்காம ஓட்டுங்க. பக்கத்து கடைக்கு இந்த வண்டி வேண்டாமே.

ஏற்காடு இறங்கும்போது நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு டிரைவர் சொல்றார், சரியா? (சேலம்)

தப்பு, தயவுசெஞ்சு இன்னைக்கே நிறுத்த சொல்லுங்க. நியூட்ரல்ல இன்ஜின் ஐட்லிங்ல ஓடணும், அதுக்கு டீசல் போகும், கியர்ல இறங்கினா மேல சொன்ன மாதிரி சுத்தமா போகாது. 20 கொண்டை ஊசி வளைவு, முழு எடையும் பிரேக் மேல விழுந்து பேட் சூடேறி போச்சுன்னா மிதிச்சாலும் பிடிக்காது. செகண்ட்லயோ தேர்ட்லயோ போட்டு இன்ஜின் பிடிச்சு இழுக்க இழுக்க இறங்குங்க, ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோட்ல வெச்சு.