நியூட்ரான் பரவலை அளக்க ஒரு குடம் தண்ணீர் போதுமா?

மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒருவரின் கேள்வி இது: நியூட்ரான் பரவலை, அதாவது நியூட்ரான்கள் ஒரு பொருளுக்குள் மோதி மோதி எப்படிப் பரவுகின்றன என்பதை, அளக்க அறை நிறையக் கிராஃபைட் அடுக்க வேண்டுமா, ஒரு குடம் தண்ணீர் போதாதா?

போதும். அடுக்குவது பழைய முறை. நியூட்ரான்களை வெளியிடும் மூலத்திலிருந்து தள்ளிப் போகப் போக அவற்றின் எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று பார்ப்பார்கள். கிராஃபைட்டில் பரவல் நீளம் (உறிஞ்சப்படுமுன் நியூட்ரான் பரவும் தூரத்தின் அளவுகோல்) 50 செ.மீ.க்கு மேல், அதனால்தான் அவ்வளவு பெரிய குவியல். தண்ணீரில் 3 செ.மீ. கூட இல்லை.

சின்ன மாதிரிக்குத் துடிப்பு முறைதான் சரி. கன ஹைட்ரஜன் வகைகளான டியூட்டீரியத்தை டிரிட்டியத்தில் மோதவிட்டால் 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்கள் கிடைக்கும். அவற்றைச் சில மைக்ரோவிநாடித் துடிப்பாக உள்ளே அனுப்பி, வேகம் தணிந்தபின் எண்ணிக்கை தேய்வதைப் பதிவு செய்ய வேண்டும். சுற்றிலும், மெதுவான நியூட்ரான்களை விழுங்கும் காட்மியம் தகடு அவசியம். இல்லையென்றால் சுவரில் பட்டுத் திரும்பும் நியூட்ரான்கள் கணக்கைக் கெடுக்கும்.

தேய்வு வேகத்தில் இரண்டு பங்கு: பொருள் உறிஞ்சுவது, விளிம்பு வழியே கசிவது. பல அளவு மாதிரிகளில் அளந்து, தேய்வு வேகத்தை, மாதிரியின் வடிவத்தையும் அளவையும் குறிக்கும் பக்லிங் எண்ணுக்கு (மாதிரி சிறிதானால் இது பெரிது) எதிரே வரைந்தால், கோட்டின் சாய்வு பரவல் கெழுவைத் தரும், அதாவது எவ்வளவு எளிதாகப் பரவுகின்றன என்பதை; கோடு அச்சை வெட்டும் இடமான வெட்டுத்துண்டு உறிஞ்சலைத் தரும்.

ஆனால் மாதிரி மிகச் சிறியதானால் கோடு கீழே வளையும். அழகர் ஆற்றில் இறங்கியதும் வேகநடைக்காரர்கள் முதலில் கிளம்பிவிட, மெதுவாக நடப்பவர்களே மிஞ்சுவார்கள் இல்லையா, அதுபோல வேகமான நியூட்ரான்கள் முதலில் கசிந்துவிடும். மிஞ்சியவை சராசரியில் குளிர்ந்தவை, கசிவும் மந்தம். இதற்குப் பரவல் குளிர்ச்சி என்று பெயர். பக்லிங்கின் வர்க்கத்தோடு ஒரு திருத்த உறுப்பு சேர்க்க வேண்டும். எனக்கு இதில் சுவையான பகுதியே இந்த வளைவுதான்.

அப்புறம், இந்த நியூட்ரான் மூலத்தைக் கல்லூரியில் வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும்.