காய்கறி வாடாமல் இருக்க: கேள்வி பதில்

திண்டுக்கல்லில் 26 ஆண்டுகள் காய்கறிக் கடை நடத்தியவள் நான். காய்களையும் பழங்களையும் வீட்டில் கெடாமல் வைத்துக்கொள்வது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, கடையில் கற்றதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு சகோதரி: அக்கா, ஞாயிற்றுக்கிழமை வாங்கும் காய் வியாழக்கிழமைக்குள் அழுகிவிடுகிறது. வந்ததும் நன்றாகக் கழுவி, பாலித்தீன் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைக்கிறேன். எங்கே தவறு?

கழுவியதும் தவறு, கட்டியதும் தவறு. செடியிலிருந்து பறித்தவுடன் காயின் உயிர் போய்விடுவதில்லை. அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையைச் செலவழித்து, வெப்பத்தையும் நீராவியையும் வெளியே விடுகிறது. முடிச்சுப் போட்ட பையின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது காய் விட்ட மூச்சுதான். பூஞ்சணம் பிடிப்பதும் அந்த ஈரத்தில்தான். கழுவிய தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சமைக்கப் போகும்போது கழுவினால் போதும். வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் தரையில் கொட்டி, அடிபட்ட காய்களை அன்றைய குழம்புக்கு எடுத்துவிடுங்கள். அழுகிய ஒரு தக்காளி கூடையையே கெடுத்துவிடும். மீதியைத் துணிப்பையிலோ வாய் திறந்த பையிலோ வையுங்கள்.

கத்தரிக்காய் ஃபிரிட்ஜில் வைத்தும் உள்ளே கறுத்துவிடுகிறதே?

ஃபிரிட்ஜில் வைத்ததால்தான் கறுக்கிறது. கத்தரி, வெண்டை, வாழை, மா எல்லாம் வெயிலில் வளர்ந்த சாதி. குளிர் அவற்றுக்கு ஆகாது. வாழைப்பழத்துக்கு 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே தோல் கறுக்கும். கத்தரிக்காய்க்கு 10 டிகிரிக்குக் கீழே தோலில் குழி விழும், விதை பழுப்பாகும். நம் ஃபிரிட்ஜோ 4 டிகிரியில் ஓடுகிறது. கத்தரிக்காயைக் கூடையில் வெளியிலேயே வைத்து இரண்டு நாளில் சமைத்துவிடுங்கள். இன்னும் சில நாள் வேண்டுமென்றால், காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டிக்கு அருகில் மட்டும் வேண்டாம்.

தக்காளியும் இப்படித்தான். செங்காய் வெளியே பழுக்கட்டும். நன்றாகப் பழுத்த பிறகு ஃபிரிட்ஜில் வைக்கலாம். பச்சையாகவே உள்ளே வைத்தால் நிறம் ஏறினாலும் ருசி ஏறாது.

கறிவேப்பிலை?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். வாரா வாரம் எத்தனை வீடுகளில் கறுத்த கறிவேப்பிலை குப்பைக்குப் போகிறது! கொத்திலிருந்து இலைகளை உருவுங்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டில் பரப்பி, மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் விடுங்கள். இலை வாடக் கூடாது, மேல் ஈரம் மட்டும் போக வேண்டும். கையால் அள்ளும்போது சரசரவென்று ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்தால் அதுதான் பதம். எவர்சில்வர் டப்பாவின் அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு, இலையை அமுக்காமல் நிரப்பி, மேலே இன்னொரு துணி வைத்து மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். துணி ஈரமானால் மாற்றுங்கள், கறுத்த இலை கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள். என் வீட்டில் பதினைந்து நாள் பச்சை மாறாமல் இருக்கிறது. பச்சை மிளகாயையும் காம்பைக் கிள்ளிவிட்டு இதே மாதிரி வைக்கலாம்.

சின்ன வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் வைக்கலாமா?

வேண்டாம். உருளை விடும் ஈரத்தில் வெங்காயம் முளைவிட்டு அழுகும். எங்கள் பக்கத்து விவசாயிகள் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். தரையிலிருந்து உயர்த்தி, எல்லாப் பக்கமும் காற்று புகும்படி படல் கட்டி, மழை படாமல் மேலே மூடியிருப்பார்கள். வெங்காயத்துக்கு வேண்டியது காற்றுதான். வீட்டிலும் மூங்கில் கூடையிலோ வலைப்பையிலோ தொங்கவிடுங்கள்.

உருளைக்கு வேண்டியது இருட்டு. வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும், அதோடு சோலனைன் என்ற நஞ்சும் கூடும். பச்சைப் பகுதியை ஆழமாகச் சீவி எறியுங்கள். கிழங்கே கசந்தால் சாப்பிட வேண்டாம். ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுவல் சீக்கிரம் கருகிவிடும்.

முருங்கைக்கீரையை ஒரு ராத்திரி வைத்தாலே இலையெல்லாம் கொட்டிவிடுகிறது.

ஆய நேரமில்லாதவர்கள் இரவே துணியில் சுற்றி வைத்து, காலையில் உதறி எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்குத் தொல்லையாக இருப்பது அவர்களுக்கு வசதி! இலைகளை உதிரச் செய்வது எத்திலீன் என்ற வாயு. பழுக்கும் வாழை, மாம்பழம், பப்பாளி, ஆப்பிள் எல்லாம் இதை நிறைய விடும். ஆகவே கீரையைப் பழக்கூடை பக்கம் வைக்காதீர்கள். வாங்கிய அன்றே ஆய்ந்து, உலர்ந்த துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் நிற்கும்.

தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஃபிரிட்ஜ் இல்லை. என்ன செய்வது?

தம்பி, பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடைவெளியில் மணல் நிரப்பி, மணலை நனைத்துவிடு. காயைச் சின்னப் பானைக்குள் போட்டு ஈரத்துணியால் மூடு. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்துவிடும். நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பா இந்த முறையைப் பல கிராமங்களுக்குக் கொண்டுசென்றார். 2000-ஆம் ஆண்டில் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. கரூர், திண்டுக்கல் போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும். நீ இருப்பது சென்னை என்றால் கடற்காற்றின் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. அங்கே அன்றன்றைக்கு வாங்குவதே மேல்.

உடைத்த தேங்காயில் பாதி மூடி மிஞ்சுகிறது.

கண் உள்ள மூடியை முதலில் துருவிவிடுங்கள். மற்ற மூடியைத் துருவி டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். உடைக்காத தேங்காயின் குடுமியை மட்டும் பிய்க்காதீர்கள். கண் வழியாகக் காற்றும் பூஞ்சணமும் உள்ளே போகாமல் காப்பது அந்தக் குடுமிதான்.