கொரிய இலக்கியத்தில் முதுகலை படிப்பவர் உண்மையில் எவ்வளவு கற்றார் என்று எப்படி மதிப்பிடுகிறார்கள்? டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வில் ஆறாம் நிலை போதாதா?

கேள்வியோடு நீங்கள் எழுதியிருக்கும் குறிப்பைப் பார்த்தால், டோபிக்கில் ஆறாம் நிலை வாங்கிவிட்டீர்கள், கொரிய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள், மொழிதான் வந்துவிட்டதே, இனி எதைச் சோதிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. நான் சியோலில் ஒரு பல்கலைக்கழகத்தில் கொரிய மொழி இலக்கியத் துறையில் முதுகலை முடித்தவள். என் பாடம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக் கவிதை. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

முதலில் டோபிக்கைப் பற்றி. கொரிய மொழி தாய்மொழியல்லாதவர்களுக்காக 1997 முதல் நடக்கும் தேர்வு, ஆறாம் நிலைதான் உச்சம். மேல்நிலைத் தாளில் கேட்டலில் 50 கேள்வி, வாசித்தலில் 50 கேள்வி, எழுத்தில் 4 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண். 230-ம் அதற்கு மேலும் எடுத்தால் ஆறாம் நிலை. எழுத்துப் பகுதியின் கடைசிக் கேள்வி, அதாவது 54-வது கேள்விக்கு 50 மதிப்பெண். பொதுவான ஒரு தலைப்பில் 600 முதல் 700 எழுத்துக்குள் கட்டுரை எழுத வேண்டும். இதை நான் மட்டம் தட்டவில்லை. நானும் உட்கார்ந்து படித்துத்தான் வாங்கினேன். ஆனால் அந்தத் தேர்வு அளப்பது, இன்றைய கொரிய மொழியில் ஒரு பல்கலைக்கழக வகுப்பைப் பின்தொடர முடியுமா என்பதை. இலக்கிய முதுகலையின் வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

கொரிய மொழி இலக்கியத் துறைகள் பெரும்பாலும் மூன்று கிளையாக இருக்கும்: மொழியியல், பழைய இலக்கியம், நவீன இலக்கியம். நீங்கள் எந்தக் கிளையில் சேர்ந்தாலும் மற்ற இரண்டையும் முற்றிலும் தவிர்க்க முடியாது. பழைய இலக்கியம் என்றால் ஹியாங்கா எனப்படும் மிகப் பழைய கொரியப் பாடல்கள் வரும். இன்று கைவசம் இருப்பவை மொத்தம் 25. அவை சீன எழுத்துகளைச் சில இடத்தில் ஒலிக்காகவும் சில இடத்தில் பொருளுக்காகவும் எடுத்து எழுதப்பட்டவை. மொழியியல் என்றால் 1446-ல் அறிவிக்கப்பட்ட ஹங்குல் என்ற கொரிய எழுத்தின் முதல் காலத்து நூல்கள் வரும். ஹான்முன், அதாவது கொரியர்கள் பல நூற்றாண்டுகள் எழுதிவந்த செவ்வியல் சீனம், எல்லாப் பக்கமும் குறுக்கே வரும். இவை எதுவும் டோபிக்கில் இல்லை, இருக்கவும் தேவையில்லை.

சரி, முதுகலையில் எப்படி அளக்கிறார்கள்? தாளில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பொதுவாக 24 கிரெடிட் பாடங்கள், பிறகு வெளிநாட்டு மொழித் தேர்வு, பிறகு சொங்ஹாப் எனப்படும் துறைத் தேர்வு, பிறகு ஆய்வேடு, மூன்று பேராசிரியர்கள் கொண்ட குழுவின் முன் வாய்மொழித் தேர்வு. குழுவில் உள்ள மூவரும் ஒப்புதல் தாளில் முத்திரை வைத்தால் பட்டம். முனைவர் பட்டம் என்றால் குழுவில் ஐவர் இருப்பார்கள்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. இதைச் சொன்னால் "ஒரே ஒரு துறையில் படித்துவிட்டு நாட்டையே எடை போடாதே" என்று யாராவது வருவார்கள். எனக்குத் தெரிந்தது நான் படித்த இடமும், என்னோடு விடுதியில் இருந்த வேறு பல்கலைக்கழகத் தோழிகள் சொன்னதும்தான். அதற்கு மேல் நான் உரிமை கொண்டாடவில்லை.

நான் பார்த்தவரை வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி அளவுகோல் ஒன்று இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். கருத்தரங்க வகுப்பில் ஒவ்வொருவரும் முறை வைத்து 'பால்ஜே' செய்ய வேண்டும். அதாவது ஒரு நூலையோ கட்டுரையையோ எடுத்து, தன் வாதத்தோடு தாள் எழுதி, எல்லாருக்கும் நகல் கொடுத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் பருவத்தில் ஒரு வகுப்பில், கொரிய மாணவர்களுக்கு அப்படி முழுதாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எனக்கும் வியட்நாம் தோழிக்கும் சீனத் தோழர்கள் இருவருக்கும் "நீங்கள் சுருக்கம் மட்டும் எழுதினால் போதும்" என்றார்கள். சொன்ன பேராசிரியர் நல்லவர். எங்களுக்குச் சிரமம் வரக்கூடாது என்றுதான் சொன்னார். பருவ முடிவில் நால்வருக்கும் ஏ. என்ன கற்றோம் என்று கேட்டால், மற்றவர்கள் எழுதியதைச் சுருக்கக் கற்றோம்.

அந்த ஏ எனக்கு வலித்தது. என்னை ஒரு மாணவியாக எண்ணாமல் விருந்தாளியாக உட்கார வைத்த மாதிரி இருந்தது. இதை நன்றியில்லாத்தனம் என்று ஒரு தமிழ் நண்பரே சொன்னார். இல்லை. பட்டத்தில் என் பெயரும் கொரிய மாணவரின் பெயரும் ஒரே மாதிரிதான் அச்சாகிறது. அப்படியென்றால் கேள்வியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

அடுத்த பருவத்தில் வேறொரு பேராசிரியரின் கவிதை வகுப்பு. கிம் சோவோலின் மிகப் புகழ்பெற்ற கவிதை, காதலர் பிரிந்து போகும் வழியில் மலரைத் தூவும் கவிதை. கொரியாவில் பள்ளிக் குழந்தைகளுக்கும் தெரியும். நான்கு பத்தி, பத்திக்கு மூன்று வரி. நாங்கள் எல்லாரும் இணையத்தில் இருக்கும் இன்றைய எழுத்துமுறை வடிவத்தோடுதான் வந்திருந்தோம். அவர் இரண்டு நகல் தாள்களை எங்கள் முன் வைத்தார். ஒன்று, 1922 ஜூலையில் 'கேபியொக்' இதழில் அந்தக் கவிதை முதலில் வந்த பக்கம். இன்னொன்று, 1925-ல் வந்த தொகுப்பின் பக்கம். இரண்டும் மேலிருந்து கீழாக அச்சிட்டவை. 1933-ல் எழுத்துமுறை ஒருங்கிணைக்கப்படுவதற்கு முந்தைய எழுத்து: இன்று வழக்கில் இல்லாத புள்ளி உயிர்எழுத்து, இரட்டை மெய்க்குப் பதிலாக முன்னால் ஒரு 'ச' சேர்த்து எழுதும் பழைய வழக்கம், இன்றைய முறைப்படி இல்லாத சொல் இடைவெளி. குறிப்பு இல்லை, அகராதி இல்லை. "வாய்விட்டு வாசியுங்கள். கவிஞர் எதை மாற்றியிருக்கிறார் சொல்லுங்கள். அந்த மாற்றத்தால் போகிறவர் மீதான தொனி மாறுகிறதா, இல்லையா, காரணத்தோடு சொல்லுங்கள்." வட்டமாக உட்கார்ந்திருந்தோம். வரிசையில் என் முறை வந்தபோதும் அதே தாள், அதே கேள்வி.

அன்று நான் கவனித்ததுதான் இந்தப் பதிலின் சாரம். கொரிய மாணவர்களும் திக்கினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த சொன்பே, அதாவது மூத்த மாணவர், எட்டாம் வகுப்பிலேயே அந்தக் கவிதையை மனப்பாடம் செய்தவர், மனப்பாடம் செய்த வடிவத்தையே தாளில் இருப்பதாக நினைத்து வாசித்தார். பேராசிரியர் பென்சிலை வரியின் மேல் வைத்து நிறுத்தினார். "தாளில் இருப்பதை வாசியுங்கள்." எனக்கு மனப்பாடம் கிடையாது, அதனால் எழுத்து எழுத்தாகத்தான் போனேன், மெதுவாக, ஆனால் தாளில் இருந்ததை. பதினைந்தாம் நூற்றாண்டுக் கொரிய மொழியும், ஹியாங்காவும், ஹான்முன்னும், 1920-களின் அச்சும் கொரியருக்கும் அந்நியம்தான். அங்கே பயிற்சி எடுத்தவர் முன்னே போகிறார், பிறந்த ஊர் உதவுவது குறைவு. நமக்குச் சலுகை தேவைப்படும் என்று அவர்கள் நினைக்கும் இடமும் நாம் சமமாக நிற்கக்கூடிய இடமும் ஒன்றேதான். சலுகை கொடுத்து அந்த இடத்தை நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

சொங்ஹாப் தேர்வையும் இதே கண்ணோடு பாருங்கள். சில துறைகளில் கேள்விகளை முன்கூட்டியே பட்டியலாகக் கொடுத்துவிடுவார்கள். மனப்பாடம் செய்து எழுதலாம். நல்ல தேர்வில் உரை இருக்கும். உதாரணமாக ஹங்குலின் முதல் காலத்து நூலான, 1447-ன் 'யொங்பி ஓசொன்கா' பாடல்களிலிருந்து, ஆழ வேரூன்றிய மரம் காற்றில் அசையாது, மலரும் கனியும் மிகும் என்று வரும் வரியைப் பக்கப் புள்ளிகளோடு கொடுப்பார்கள். எழுத்தின் இடப்பக்கம் புள்ளி இல்லையென்றால் தாழ்ந்த தொனி, ஒரு புள்ளி உயர்ந்தது, இரண்டு புள்ளி ஏறுவது. மரத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல் உருபு சேரும்போது வேறு வடிவம் எடுப்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும். தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் பக்கம் வெறுமையாக நிற்கும். கதை அளக்க இடமில்லை.

ஆய்வேடு மட்டும் போதுமே என்பீர்கள். போதாது என்பது என் எண்ணம். நாம் எழுதும் கொரிய மொழியை நண்பர்களோ காசு வாங்கும் திருத்துநர்களோ பளபளப்பாக்கிவிடுவார்கள். மொழிபெயர்ப்புச் செயலிகள் வந்த பிறகு அது இன்னும் எளிது. 'காப்பி கில்லர்' என்ற ஒப்பீட்டு மென்பொருளின் அறிக்கையை இணைக்கச் சொல்வார்கள். அது வேறு நூலோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று சொல்லும், நீங்கள் படித்தீர்களா என்று சொல்லாது. வாய்மொழித் தேர்வில் குழு நேரம் எடுத்துக் கேட்டால்தான் தெரியும். என் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் முதலில் திறந்தது முடிவுரையை அல்ல, மேற்கோள் பக்கத்தை. "இந்த வரியை எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள், ஏன் அந்தப் பதிப்பு?" அரை மணி நேரம் அதிலேயே போனது. எனக்கு அது மகிழ்ச்சியான அரை மணி.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்தில் கொரிய மொழியியலிலும் இலக்கியத்திலும் முதுகலையும் முனைவர் பட்டமும் உண்டு. அங்கெல்லாம் அங்கீகார அமைப்புகள் கேட்பதால், படிப்பை முடித்தவர் என்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று வாக்கியங்களாக எழுதி வைத்து, எந்தப் பாடம் எதற்கு என்று அட்டவணை போட்டு, ஆய்வேட்டையும் தேர்வையும் அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறார்கள். எழுதி வைப்பதில் எனக்கு முழு உடன்பாடு. எழுதி வைத்தால்தான் "வெளிநாட்டு மாணவிக்குச் சுருக்கம் போதும்" என்று சொல்லும் இடத்தில் கையை நீட்டிக் காட்ட முடியும். ஆனால் 'மூல நூல்களை விமர்சன நோக்கில் அணுகுவார்' என்று பொதுவாக எழுதினால் அதில் யாரும் தேர்ச்சி பெறலாம். '1933-க்கு முந்தைய அச்சுப் பக்கம் ஒன்றைக் குறிப்பின்றி வாசித்து விளக்குவார்' என்று எழுதினால் தப்பிக்க முடியாது. விளைவு என்று எழுதுவதைக் கையில் கொடுத்துச் சோதிக்க முடிய வேண்டும்.

கொரியாவில் பல்கலைக்கழகங்களை அரசு பார்க்கும் பார்வையும் இதற்கு உதவுவதில்லை. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கான தரச் சான்றில் மொழித் தேர்ச்சி விகிதமும் இடைநிற்றல் விகிதமும் பார்க்கப்படுகின்றன. பல்கலைக்கழக ஆய்வுக்காக அரசு 1999-ல் தொடங்கிய பிகே 21 நிதித் திட்டத்தில் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பெரிய இடம். மாணவர் நின்றுவிட்டால் எண் கெடும், தேறிவிட்டால் எண் நிற்கும். மென்மையாகத் தேற்றிவிடும் பழக்கத்துக்கு நல்ல மனம் மட்டும் காரணமில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஊர் திரும்பியதும் சென்னைப் பக்கம் ஒரு கொரிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போனேன். கொரிய மொழியிலேயே எழுதி, கொரியப் பேராசிரியர்கள் மூவர் முத்திரை வைத்த ஆய்வேட்டை மேசையில் வைத்தேன். மனிதவள அதிகாரி அதைத் திறக்கவே இல்லை. "டோபிக் காலாவதி ஆகிவிட்டதே மேடம், புதுசு எழுதிட்டு வாங்க" என்றார். அந்தச் சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும், உண்மை. முதுகலைக்குள் நுழையக் காட்டிய சீட்டை முதுகலை முடித்தவளிடம் மறுபடி கேட்கிறார்கள். திரும்பவும் பணம் கட்டி எழுதினேன், வேறு வழியில்லை. அதே வேலைக்கு எனக்கு முன்னால் எடுக்கப்பட்டவருக்குச் சம்பளம் எவ்வளவு என்று பிறகு தெரிந்தபோது வந்த கோபம் தனிக் கதை. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த ஊரில் மரியாதையும் இல்லை, கட்டண ஒழுங்கும் இல்லை. அதை வேறொரு கேள்வியில் எழுதுகிறேன்.

இனி உங்களுக்கு. சேர நினைக்கும் துறையின் ஆய்வேடுகளை, கொரிய ஆய்வேடுகளைத் தேடித்தரும் 'ரிஸ்' (RISS) இணையதளத்தில் தேடுங்கள், நிறைய இலவசமாகவே திறக்கும். வெளிநாட்டு மாணவர்கள் எழுதியவற்றையும் கொரிய மாணவர்கள் எழுதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேற்கோள்கள் மூலப் பதிப்பிலிருந்து வருகின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டு மாணவர்களின் தலைப்புகள் எல்லாமே 'என் நாட்டுக் கதையும் கொரியக் கதையும் ஓர் ஒப்பீடு' என்று இருந்தால், அங்கே உங்களையும் அந்த வழியில்தான் தள்ளுவார்கள். ஒப்பீடு கெட்டது என்று சொல்லவில்லை. அது ஒன்றுதான் உங்களால் முடியும் என்று அவர்கள் முடிவு செய்துவிடுவதுதான் கெட்டது. நெறியாளராகக் கேட்கப் போகிறவருக்கு மின்னஞ்சல் எழுதும்போது, சொங்ஹாப் தேர்வில் மூல உரை உண்டா என்றும், பால்ஜே எல்லாருக்கும் ஒரே அளவா என்றும் நேராகவே கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஹான்முன் வகுப்பு இருந்தால் முதல் பருவத்திலேயே எடுத்துவிடுங்கள். மூன்றாம் பருவத்துக்குத் தள்ளினால் ஆய்வேட்டு வேலையோடு மோதும், இரண்டும் அரைகுறையாகிவிடும்.