லிபர்ட்டி கப்பல் என்றால் என்ன? அவ்வளவு வேகமாக எப்படிக் கட்டினார்கள்?

இரண்டாம் உலகப்போரில் சரக்கு ஏற்ற, ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு அமெரிக்கா வரிசையாகக் கட்டித் தள்ளிய கப்பல்கள்தான் இவை. முதலாவது, பேட்ரிக் ஹென்றி, 1941 செப்டம்பரில் தண்ணீரில் இறங்கியது. 1945-க்குள் மொத்தம் 2,710.

ஏன் இந்த அவசரம்? அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்த வேகத்துக்கு, பழைய முறையில் கட்டி ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் கப்பலின் அழகும் பார்க்கவில்லை, அது ஓடும் வேகமும் பார்க்கவில்லை. பழைய பாணி நீராவி இயந்திரம், மணிக்கு 20 கிலோமீட்டர் போனால் பெரிது, ஆனால் சுமார் 10,000 டன் சுமக்கும்.

கே.ஆர்.பி. அணையைத் தாண்டிப் பெரிய தண்ணீர் பார்க்காத எங்கள் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓசூரை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். அங்கே வண்டியின் பாகங்கள் பல பட்டறைகளில் தயாராகி வந்து ஆலையில் ஒன்று சேர்கின்றன இல்லையா, அதேபோல கப்பலின் பெரிய பெரிய துண்டுகளைத் தனித்தனியே செய்து, கிரேனில் தூக்கி வைத்து, ரிவெட் (தகடுகளை இணைக்கும் தடித்த ஆணி) அடிக்காமல் வெல்டிங் செய்தார்கள். ராபர்ட் பியரி என்ற கப்பலை 4 நாள் 15 மணி நேரத்தில் கட்டி நீரில் இறக்கியது விளம்பரத்துக்காக. சாதாரணமாக ஆறு வாரம்போல ஆகும்.

அப்புறம், சில கப்பல்கள் விரிசல் விட்டதற்கு அவசர வெல்டிங்தான் முழுக் காரணம் என்பார்கள், அது சரியில்லை: அந்த எஃகு கடுங்குளிரில் நொறுங்கும் தன்மை அடைந்தது, ஒட்டுப்போட்ட துணியில் கிழிசல் தையலோடு நிற்பதுபோல ரிவெட் அடித்த தகட்டில் விரிசல் ஓரத்தோடு நின்றிருக்கும், வெல்டிங்கில் அது தடையில்லாமல் ஓடிவிட்டது.